குமிழைத் திருப்பினால் முள் நகரவில்லை

பெரிய குமிழை வலப்பக்கம் திருப்பினேன். கால் சுற்று வரை முள் அசையவில்லை. பிறகு ஒரு சின்ன உதறலோடு நகரத் தொடங்கியது. நிறுத்தி இடப்பக்கம் திருப்பினால் மறுபடியும் அதே கால் சுற்று வீண். ஒரு நிலையத்தைப் பிடித்துவிட்டு விரலை எடுத்தால் மெல்ல நழுவும். சில நேரம் படக்கென்று தாவும். கரகர சத்தம் வேறு. வால்வு ரேடியோவில் இப்படி ஒரு தொல்லை என்றால் எல்லோரும் முதலில் சொல்வது டயல் கயிறு தளர்ந்துவிட்டது என்பதுதான். நானும் அப்படித்தான் நினைத்தேன். கயிறு பாதிக் காரணம்தான் என்று தெரிய மூன்று வார இறுதிகள் பிடித்தன.

1940-களின் கடைசியில் வந்த சிற்றலை ரிசீவர் இது. 8 வால்வு, 4 பேண்ட். மத்திய அலையில் 540 கிலோஹெர்ட்ஸில் தொடங்கி 30 மெகாஹெர்ட்ஸைத் தாண்டிப் போகிறது. ஃபில்டர் கண்டென்சர்களையும் கசியும் பேப்பர் கண்டென்சர்களையும் முன்பே மாற்றியிருந்தேன். வால்வுகள் எரிந்தன, சத்தம் வந்தது. அந்த வேலையைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். இங்கே நான் எழுதுவது முகப்பில் இருக்கும் 11 குமிழ்களையும், அவற்றின் பின்னால் ஓடும் கயிறு, அது சுற்றி ஓடும் டிரம், ஸ்பிரிங், கேங் கண்டென்சர் (நிலையத்தைத் தேர்ந்தெடுக்க, தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று சுழலும் மாறு கண்டென்சர்) இவற்றையும் பற்றி. இந்தப் பகுதியைத் துடைத்து மாட்டினால் போதும் என்று கடைசிக்குத் தள்ளுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரிசீவர் எவ்வளவு நன்றாகக் கேட்டாலும், விரல் நினைத்த இடத்தில் நிற்காவிட்டால் அது மேசையில் சும்மா உட்கார்ந்திருக்கும்.

குமிழ்களைக் கழற்றுவதிலேயே பாதி சேதம் நடக்கிறது, அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன். 11 குமிழ்களில் 9 அசல் பேக்கலைட். ஒன்று வேறு ஏதோ கருவியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. இன்னொன்று இல்லவே இல்லை. வெறும் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. இந்த செட்டில் பவர் டிரான்ஸ்ஃபார்மர் நல்ல நிலையில் இருக்கிறது, சேஸியும் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது; அதனால் அந்தத் தண்டைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏ.சி., டி.சி. வகை செட்டுகளை அப்படி நம்பக் கூடாது. அவற்றில் பலவற்றில் சேஸி நேராக மெயின்ஸின் ஒரு முனையோடு சேர்ந்திருக்கும். பிளக் மாறிச் செருகியிருந்தால் வெறும் தண்டில் முழு மின்னழுத்தம் நிற்கும். குமிழின் பக்கவாட்டில் இருக்கும் கிரப் ஸ்குரூவிலும் நிற்கும். அந்த ஸ்குரூ துளையை மெழுகால் அடைத்து வைத்ததற்குக் காரணம் இதுதான். மெழுகைச் சுரண்டி எடுத்தீர்கள் என்றால் வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப அடைத்துவிடுங்கள்.

மெயின் டியூனிங் குமிழின் துளைக்குள் டார்ச் அடித்தேன். அறுகோணம் போலத் தெரிந்தது. ஆலன் கீயைச் செருகினேன். நுழைந்தது, ஆனால் லேசாக ஆடியது. அந்த ஆட்டத்தைப் பார்த்து அங்கேயே நிறுத்தினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் உள்ளே பல் பல்லாக வெட்டிய பிரிஸ்டல் வகை ஸ்குரூ. ஆலன் கீயைப் போட்டு முறுக்கியிருந்தால் பற்கள் மழுங்கியிருக்கும், பிறகு ஸ்குரூவைத் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். சரியான கீ கிடைத்த பிறகும் அது அசைந்து கொடுக்கவில்லை. ஊசி முனையில் ஊடுருவும் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டு இரவு முழுதும் வைத்தேன். காலையில் சால்டரிங் அயர்னின் மெல்லிய முனையை ஸ்குரூவின் தலையில் 20 வினாடி வைத்தேன், பேக்கலைட்டில் படாமல். ஆறவிட்டு, கீயை முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு தளர்த்தும் பக்கம். 'டிக்' என்று ஒரு சத்தம். துரு விட்டுக்கொடுத்த சத்தம் அது. ஸ்குரூ உடைந்தால் கை சட்டென்று வழுக்கும், இதில் பிடி அப்படியே இருந்தது. ஸ்குரூ வெளியே வந்தது, குமிழ் வரவில்லை. மறுபடி டார்ச் அடித்தால் அதே துளைக்குள் அடியில் இன்னொரு ஸ்குரூ. முதலாவது இரண்டாவதை நெருக்கிப் பூட்டி வைத்திருந்தது. இது தெரியாமல் இழுத்து எத்தனை குமிழ்கள் பிளந்திருக்குமோ.

இழுப்பதற்கு ஸ்குரூடிரைவரால் நெம்ப வேண்டாம். பேனல் பெயின்ட்டும் குமிழின் விளிம்பும் ஒரே நெம்பில் போய்விடும். தடித்த பருத்தி நாடா ஒன்றைக் குமிழுக்குப் பின்னால் கொடுத்து, இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்து நேராக இழுத்தால் வந்துவிடும்.

கழுவுவதற்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். ஊற வைக்காதீர்கள். பேக்கலைட்டுக்குள் மரத்தூள் கலந்திருக்கிறது. மேல் பளபளப்பு தேய்ந்த குமிழ் தண்ணீரை உறிஞ்சி மங்கிப் போகும். உலர்ந்ததும் கார் பாலிஷ் கொஞ்சம். குறிக்கோட்டில் இருந்த வெள்ளை உதிர்ந்திருந்தது. வெள்ளை அக்ரிலிக் பெயின்ட்டைப் பள்ளத்தில் தேய்த்து, அரைகுறையாகக் காய்ந்த நேரத்தில் அட்டை விளிம்பால் மேற்பரப்பை வழித்தேன். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நின்றது.

இனி கயிறு. குமிழ் மாட்டும் தண்டின் விட்டம் 6.35 மி.மீ., அதாவது கால் அங்குலம். கேங்கின் தலையில் இருக்கும் டிரம்மின் விட்டம் சுமார் 100 மி.மீ. கேங் முழுதும் மூடிய நிலையிலிருந்து முழுதும் திறக்க அரைச் சுற்று. டிரம்மின் அரைச் சுற்றளவு 157 மி.மீ., தண்டின் ஒரு சுற்று 20 மி.மீ. ஆக, குமிழை 8 முறை திருப்பினால் ஒரு பேண்ட் முழுவதும் ஓடிவிடும். என் மூன்றாம் பேண்ட் 5.4-லிருந்து 16 மெகாஹெர்ட்ஸ் வரை. 10,600 கிலோஹெர்ட்ஸை 8 சுற்றில் கடக்க வேண்டும் என்றால் ஒரு சுற்றுக்குச் சராசரி 1,300-க்கும் மேல். சிற்றலை ஒலிபரப்பு நிலையங்கள் 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் உட்கார்ந்திருக்கின்றன. அதாவது குமிழின் ஒரு சுற்றுக்குள் 260 இடங்கள். கால் சுற்று வெற்றாட்டம் என்பது 330 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குக் கைக்கும் முள்ளுக்கும் தொடர்பில்லை என்று அர்த்தம். 31 மீட்டர் பேண்டின் பெரும்பகுதி அவ்வளவுதான்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான் அந்தக் காலத்துப் பெரிய ரிசீவர்கள் டியூனிங் பொறிமுறைக்கு ஏன் அவ்வளவு செலவிட்டார்கள் என்று புரிந்தது. 1935-இல் வந்த நேஷனல் ஹெச்.ஆர்.ஓ.வில் முகப்பின் நடுவில் ஒரே ஒரு பெரிய டயல். பற்சக்கர இயக்கம், கேங்கின் அரைச் சுற்றுக்குக் குமிழ் 10 சுற்று, அந்த 10 சுற்றையும் 0 முதல் 500 வரை எண்ணிக் காட்டும். அதிர்வெண் நேராகத் தெரியாது, வரைபடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் நேற்று 273-இல் கேட்டது இன்றும் 273-இல் கேட்கும். என் செட்டில் அந்த வசதியெல்லாம் கிடையாது. கயிறு ஒன்றுதான். அதற்கு ஈடாக, மெயின் டயல் நிற்கும் இடத்தை ஒட்டிய சின்னப் பகுதியை மட்டும் விரித்துத் தேட, பேண்ட்ஸ்பிரெட் என்று இன்னொரு சின்ன கேங், தனிக் குமிழோடு.

பழைய கயிற்றை வெட்டும் முன் நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்துக்கொண்டேன். தண்டில் இருந்த சுற்றுகள் கண்ணாடி போல் வழவழத்திருந்தன. ஸ்பிரிங் துவண்டு, வளையங்களுக்கு நடுவே இடைவெளி விட்டிருந்தது. புதிதாக 0.8 மி.மீ. பின்னல் கயிறு, இழுத்தால் நீளாத வகை. நைலான் மீன்பிடி நரம்பு ஆகாது. அது நீளும், அதோடு வழுக்கும்.

முதல் முயற்சி தோற்றது. இன்னும் நன்றாகப் பிடிக்கட்டும் என்று தண்டில் மூன்றரைச் சுற்று போட்டேன். குமிழைத் திருப்பத் திருப்பச் சுற்றுகள் தண்டின் ஓரத்துக்கு ஊர்ந்து போய், ஒன்றின் மேல் ஒன்று ஏறி, நடுவழியில் பூட்டிக்கொண்டன. அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்திருந்தால் முள்ளை ஏந்திய தகடு வளைந்திருக்கும். அவிழ்த்துவிட்டு அசலில் இருந்தபடியே இரண்டரைச் சுற்று. போடுவதற்கு முன் தண்டின் பள்ளத்தில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கை ஐசோபுரப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் நான்கு முறை துடைத்தேன். நான்காம் முறைதான் பஞ்சு வெள்ளையாக வந்தது. பிறகு வயலின் வில்லுக்குத் தேய்க்கும் ரோசினைப் பொடித்து, கயிற்றில் தண்டின் மேல் ஓடும் பகுதிக்கு மட்டும் விரலால் தடவினேன். கேங்கை முழுதும் மூடிய நிலையில் வைத்து, டிரம்மின் உள்ளே இருக்கும் கொக்கியில் தொடங்கி, கப்பிகளைச் சுற்றிக் கொண்டுவந்து, ஸ்பிரிங்கில் முடிச்சு போட்டேன். ஸ்பிரிங் தன் நீளத்தில் பாதி அளவுக்கு நீண்டு நிற்க வேண்டும். முடிச்சின் மேல் நகப்பூச்சு ஒரு சொட்டு. கப்பிகளின் அச்சுக்கு ஊசி முனையில் எண்ணெய். கயிற்றில் பட்டால் மறுபடி முதலிலிருந்து.

இப்போது குமிழை எந்தப் பக்கம் அசைத்தாலும் முள் உடனே அசைந்தது. வெற்றாட்டம் போயே போய்விட்டது. ஆனால் ஹெட்ஃபோனை மாட்டினால் நிலையம் இன்னும் தாவியது.

முள் நிற்கிறது, ஒலி தாவுகிறது என்றால் கயிற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எங்கே தாவுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி செய்தேன். 10 மெகாஹெர்ட்ஸில் வரும் நேரக் குறிப்பு நிலையத்தைப் பிடித்து, பி.எஃப்.ஓ.வை (நிலையத்தின் சிக்னலோடு ஒரு துணை அலையைக் கலந்து விசில் எழுப்பும் சுற்று) போட்டு, மெல்லிய விசில் வரும்படி வைத்துக்கொண்டேன். இந்த விசில் மிக நேர்மையான சாட்சி. எந்த நிலையம் கேட்கும் என்பதைத் தன் அலையால் தீர்மானிக்கும் ஆஸிலேட்டர் ஒரு கிலோஹெர்ட்ஸ் நகர்ந்தால் விசிலும் ஒரு கிலோஹெர்ட்ஸ் மாறும், காது உடனே சொல்லிவிடும். ஒரு நீளமான பிளாஸ்டிக் குச்சியால் உள்ளே ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஆஸிலேட்டர் வால்வு: மாற்றமில்லை. பேண்ட் சுவிட்ச்: கொஞ்சம் கரகரத்தது, தாவவில்லை. கேங்கின் தண்டைப் பக்கவாட்டில் மிக லேசாக அழுத்தினேன். விசில் ஒரே துள்ளலில் காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டு, விட்டதும் வேறு ஏதோ சுருதியில் வந்து நின்றது.

கேங்கின் சுழலும் தகடுகள் சேஸியோடு சேர வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு பகுதிக்கும் நடுவில் கவட்டை போன்ற மெல்லிய ஸ்பிரிங் தகடு ஒன்று தண்டைத் தேய்த்தபடி நிற்கும். பல பத்தாண்டு தூசும் காய்ந்த கிரீஸும் அந்தத் தகட்டுக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு படலமாக உட்கார்ந்துவிட்டன. வழி அடைபட்டதும் ஆஸிலேட்டரின் மின்னோட்டம் (நிலையத்தைவிட 455 கிலோஹெர்ட்ஸ் மேலே, 10.455 மெகாஹெர்ட்ஸ்) பேரிங் குண்டுகள் வழியாக, எண்ணெய்ப் படலத்தைத் தாண்டித் தாண்டிச் சேஸிக்குப் போய்க்கொண்டிருந்தது. குண்டு கொஞ்சம் உருண்டாலும் வழி மாறும், வழி மாறினால் அதிர்வெண் மாறும். நிலையம் தாவியதும் கரகரத்ததும் இதனால்தான்.

பிளக்கைக் கழற்றி, ஃபில்டர் கண்டென்சர்களில் தேங்கிய மின்னூட்டத்தை ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டு வேலையைத் தொடங்கினேன். தடித்த காகிதத்தை 3 மி.மீ. அகலத்துக்கு நறுக்கி, கான்டாக்ட் கிளீனரில் நனைத்து, தகட்டுக்கும் தண்டுக்கும் நடுவே செருகி, தண்டைச் சுற்றினேன். காகிதம் கறுப்பாக வந்தது. இன்னொன்று, பழுப்பு. ஆறாவது துண்டு சுத்தமாக வந்தது. கவட்டை தளர்ந்திருந்த இரண்டு இடங்களில் மெல்லிய இடுக்கியால் அரை மி.மீ. உள்நோக்கி வளைத்தேன். கேங்கின் பின்முனையில் ஒரு பூட்டு நட்டும் ஸ்குரூவும் இருக்கும், அதைத் தொடாதீர்கள். அது சுழலும் தகடுகளை நிலைத் தகடுகளுக்கு நடுவே சரியாக நிற்க வைப்பது; அரைச் சுற்று திருப்பினாலும் டயலில் எழுதியிருக்கும் எண்கள் எல்லாமே பொய்யாகிவிடும்.

மாட்டினேன், போட்டேன், அதே விசில். தண்டை அழுத்தினேன். விசில் அசையவில்லை. குமிழை மெல்லத் திருப்பினேன். சுருதி படிப்படியாக இறங்கி, ஆழமான முனகலாகி, பூஜ்ஜியத்தைத் தொட்டு, மறுபக்கம் ஏறியது. நடுவில் ஒரு விக்கல்கூட இல்லை. இருபது முறையாவது முன்னும் பின்னும் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மற்ற கன்ட்ரோல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வால்யூம் கன்ட்ரோலுக்குக் கிளீனர் விட்டு முப்பது முறை சுழற்றியதும் கரகரப்பு அடங்கியது. பேண்ட் சுவிட்சின் வேஃபர்களில் (தொடர்பு முனைகள் பதித்த அட்டை வில்லைகள்) கிளீனரைப் பீய்ச்சக் கூடாது, அட்டைப் பகுதி அதை உறிஞ்சிக் கசிவுப் பாதையாகும். சின்னத் தூரிகையால் தொடர்பு முனைகளில் மட்டும் தொட்டு வைத்தேன். உப்புத்தாள் அந்தப் பக்கமே வரக் கூடாது, வெள்ளிப் பூச்சு போய்விடும். ஆர்.எஃப். கெயின் (வரும் சிக்னலின் பெருக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோல்) 10 கிலோ ஓம் கம்பி சுற்றிய வகை, நடுவில் கம்பி அறுந்திருந்ததால் மாற்ற வேண்டியதாயிற்று. புதியதின் தண்டு 6 மி.மீ., குமிழின் துளை 6.35. பக்கத்துக்கு 0.175 மி.மீ. இடைவெளி. 0.15 மி.மீ. பித்தளைத் தகட்டை ஒரு சுற்று சுற்றிச் செருகினேன், ஆடாமல் நின்றது.

குமிழ்களைத் திரும்ப மாட்டுவது தனி வேலை. பல குமிழ்களில் குறிக்கோடு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதே ஒரு அளவீடு. பி.எஃப்.ஓ. குமிழை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிலையத்தை எஸ்-மீட்டர் (சிக்னலின் பலத்தைக் காட்டும் மீட்டர்) உச்சம் காட்டும்படி பிடித்துக்கொண்டு, பி.எஃப்.ஓ. தண்டைத் திருப்பி விசில் பூஜ்ஜியமாகும் இடத்தைக் கண்டேன். எந்த நிலையத்தையும் ரிசீவர் உள்ளே மாற்றிக்கொள்ளும் இடைநிலை அதிர்வெண்ணான 455 கிலோஹெர்ட்ஸ் ஐ.எஃப்.பின் நடு அது. அந்த நிலையில் குமிழின் கோடு நேர் மேலே நிற்கும்படி ஸ்குரூவை இறுக்கினேன். இனி கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே எந்த சைட்பேண்டுக்கு (நிலையத்தின் நடு அதிர்வெண்ணுக்கு மேலோ கீழோ குரலைச் சுமக்கும் பகுதி) தயாராக இருக்கிறேன் என்று தெரியும். பேண்ட்ஸ்பிரெட் குமிழைத் தகடுகள் முழுதும் திறந்த நிலையில் 100-இல் வைத்தேன். அது 100-இல் இல்லாவிட்டால் மெயின் டயலின் எண்களுக்கு அர்த்தமே கிடையாது; பழைய ரிசீவரைப் புதிதாகத் தொடுகிறவர்கள் டயல் தப்பாகக் காட்டுகிறது என்று சொல்வதில் பாதி இந்தக் காரணத்தால்தான். ஆன்டெனா ட்ரிம்மரை (ஆன்டெனா பக்கத்தை நுணுக்கமாகச் சரிசெய்யும் சின்ன மாறு கண்டென்சர்) ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள்: சத்தம் இரண்டு இடங்களில் உச்சம் தொட வேண்டும். ஒரே இடத்தில்தான் என்றால் உச்சம் இன்னும் வரவில்லை, ட்ரிம்மர் முழுதும் திறந்தோ மூடியோ முட்டிக்கொண்டு நிற்கிறது.

டயலைச் சரிபார்க்க 5, 10, 15 மெகாஹெர்ட்ஸ் நேரக் குறிப்பு நிலையங்களைப் பயன்படுத்தினேன். வினாடிக்கு வினாடி டிக் டிக் என்று வரும், தப்பவே முடியாது. முதலில் கேங்கை முழுதும் மூடி, முள்ளை டயலின் இடக்கோடிக் குறியில் வைத்து இறுக்க வேண்டும்; அதைச் செய்யாமல் ட்ரிம்மரில் கை வைக்கக் கூடாது. பிறகு பேண்டின் மேல்முனையில் ட்ரிம்மர், கீழ்முனையில் காயிலின் கரு, மாறி மாறி. 15-இல் ஆஸிலேட்டர் ட்ரிம்மரைத் திருப்பும்போது அதே நிலையம் இரண்டு இடத்தில் கேட்டது. ஒன்று ஆஸிலேட்டர் 15.455-இல் இருக்கும்போது, மற்றது 14.545-இல். ட்ரிம்மர் அதிகம் திறந்திருக்கும் இடம்தான் சரி. உறுதிப்படுத்திக்கொள்ள டயலை 14.09-க்குக் கொண்டுபோனேன், 455-இன் இரு மடங்கான 910 கிலோஹெர்ட்ஸ் கீழே, எதிர்பார்த்தபடியே அந்த டிக் டிக்கின் பிம்பம் மெலிதாகக் கேட்டது. அங்கே அது கேட்பது ரிசீவரின் கோளாறு அல்ல, அதிர்வெண்ணை ஒரே ஒரு முறை மாற்றும் 455 கிலோஹெர்ட்ஸ் செட்டின் இயல்பு.

அன்று இரவு 7 மெகாஹெர்ட்ஸ் அமெச்சூர் பேண்டில் ஒரு உரையாடலைப் பிடித்தேன். மெயின் டயல் 7.3-இல், பேண்ட்ஸ்பிரெட்டில் 300 கிலோஹெர்ட்ஸ் 8 சுற்றுக்கு விரிகிறது. ஒரு சுற்றுக்கு 40-க்கும் குறைவு. ஏ.வி.சி.யை (ஒலியளவைத் தானே சீராக வைக்கும் சுற்று) நிறுத்தி, வால்யூமை முழுதும் திறந்து, ஆர்.எஃப். கெயினைப் பாதிக்குக் கீழே இறக்கினேன். சிக்னலிலிருந்து ஒலியைப் பிரிக்கும் டயோடு டிடெக்டரில் பி.எஃப்.ஓ.வின் பலம் குறைவு. வரும் சிக்னல் அதைவிட ஓங்கியிருந்தால் எஸ்.எஸ்.பி. (ஒற்றை சைட்பேண்டில் மட்டும் அனுப்பும் முறை) குரல் உடைந்துதான் கேட்கும். பி.எஃப்.ஓ. கோட்டைக் கொஞ்சம் சாய்த்து, பேண்ட்ஸ்பிரெட் குமிழின் விளிம்பில் ஒரே விரலை வைத்துத் தள்ளினேன். வாத்துக் கத்தல் போன்ற ஒலி இறங்கி இறங்கி மனிதக் குரலாயிற்று. விரலை எடுத்தேன். குரல் அங்கேயே நின்றது.

மிச்சம் ஒரு குமிழ், கிரிஸ்டல் ஃபேஸிங்குக்கு (பக்கத்து நிலைய இடையூறை வெட்டும் கன்ட்ரோல்) உரியது. அதன் ஜோடிக் குமிழைக் கொண்டு சிலிக்கோன் அச்சு எடுத்து, 6.35 மி.மீ. துளையுள்ள பித்தளைப் புஷ்ஷை நடுவில் நிறுத்தி, கறுப்பு நிறமி கலந்த எபாக்ஸியை ஊற்றினேன். முதல் வார்ப்பில் விளிம்பெல்லாம் காற்றுக் குமிழி. இரண்டாவதுக்கு அச்சை லேசாகச் சூடாக்கி, நூல் போல் மெல்லிய தாரையாக ஒரே ஓரத்திலிருந்து ஊற்றினேன். மறுநாள் அச்சிலிருந்து எடுத்தபோது விரல் பிடிக்கும் வரிகள்கூட முழுசாக வந்திருந்தன. கிரப் ஸ்குரூவுக்குத் துளையிட்டு மரை வெட்டியாயிற்று, தண்டிலும் மாட்டியாயிற்று. குறிக்கோட்டில் வெள்ளை காய்ந்துகொண்டிருக்கிறது.